மூன்றடி அகலத்தில் ஒரு கோடு

ஆகஸ்ட் 15

கிராம சபை. பந்தலில் நாற்காலி ஊருக்கு, ஜமுக்காளம் காலனிக்கு. யாரும் அப்படி உத்தரவு போடவில்லை. போடாமலேயே எல்லாரும் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் கடைசிவரை நின்றேன். கால் வலித்தது.

அப்பா மனு கொடுத்தார். வருடா வருடம் கொடுக்கும் அதே மனுதான். காலனிக்கும் ஏரிக்கும் நடுவில் கிடக்கும் காரைமேட்டைச் சுத்தம் செய்து எங்கள் தெருவுக்கு வீட்டுமனை தர வேண்டும். மேட்டில் என்ன இருக்கிறது? காரை, களா, சூரை, சங்கமுள். ஆள் நுழைய முடியாத குத்துக்காடு. எங்கள் வீட்டில் இரண்டு அறை. அண்ணன் குடும்பத்தோடு எட்டு உயிர். தண்ணீர் அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவில் காலை மடக்கிப் படுக்கிறேன். முள்ளுக்கு இருக்கும் இடம் எனக்கு இல்லை.

ஏரிக்குப் பொறுப்பான இன்ஜினியர் திலகராணி எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். நெடுவம்பட்டுக்கு வந்து மூன்று வருடம். ஒரு பெரிய வரைபடத்தைப் பந்தல்காலில் கட்டினார். மேட்டின் முதுகு எங்கே, எந்தப் பக்கம் எவ்வளவு சரிவு என்று புள்ளி புள்ளியாக மட்டம் எழுதியிருந்தது.

"மேட்டுல விழற மழையில முக்கால்வாசி ஏரிக்குப் போவுது. மிச்சம் காலனிப் பக்கம். புதர் இருக்கறதால தண்ணி நின்னு நிதானமா இறங்குது. புதரை எடுத்தா தண்ணியோட மண்ணும் வரும். ரெண்டு பக்கமும் வரும்" என்றார்.

"முள்ளுக்குப் பட்டா, மனுசனுக்கு இல்லியா மேடம்?" என்று கேட்டேன்.

கைதட்டினார்கள். முதலில் தட்டியவர் தாண்டவராயன். முன்னாள் தலைவர், லாரி வைத்திருப்பவர். அவர் எனக்குக் கைதட்டி இப்போதுதான் பார்க்கிறேன்.

"மனுசனுக்கு வேற இடம் பார்த்து எழுதியிருக்கேன்" என்றார் இன்ஜினியர்.

"எங்க?"

முன் வரிசை நாற்காலிகளை ஒரு தடவை பார்த்தார். "முடிவானதும் சொல்றேன்."

இடம் உண்மையாக இருந்தால் சொல்ல என்ன பயம்?

ஆகஸ்ட் 18

ஞாயிறு. விசாரித்தேன். சொந்த ஊர் கரூர்ப் பக்கம். என்ன ஆட்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று வருடமாக ஒரு ஊரில் வேலை பார்த்து அது தெரியாமல் இருக்கிறது என்றால் மறைக்கிறார் என்று அர்த்தம். லீவு நாளில்கூட ஸ்கூட்டரை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு மேட்டுக்குள் போகிறார். சம்பளம் ஏரிக்கு. முள்ளுக்குள் என்ன வேலை?

தண்ணீர் வண்டி வரவில்லை. பத்துக் குடம் நான் எடுத்தேன்.

ஆகஸ்ட் 22

பிடித்துவிட்டேன்.

நெடுஞ்சாலையை ஒட்டித் தாண்டவராயனின் சவுக்குத் தோப்பு. அவருடையது என்று எல்லாரும் சொல்வோம். புறம்போக்கு என்று எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மரம் வெட்டிய பகுதியில் திலகராணி டேப் பிடித்துக்கொண்டிருக்கிறார், ஓர் ஆள் சுண்ணாம்பு போடுகிறான். கட்டம் கட்டமாக மனை. ஒவ்வொன்றும் சின்னது. எவ்வளவு பேராசை இருந்தால் இத்தனை சின்னதாக வெட்டி விற்பார்கள். நான் சர்வே வேலை பார்க்கிறவன், கண்ணாலேயே அளப்பேன்.

ஆக, இரண்டு பேரும் கூட்டு. சபையில் சண்டைபோல ஒரு நாடகம். மேட்டில் இலவச மனை கொடுத்தால் இவர்கள் மனையை யார் வாங்குவார்கள்?

ஆகஸ்ட் 27

கூட்ரோட்டு டீக்கடையில் இன்ஜினியரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்கதானே இளம்பரிதி? டிப்ளமோ சிவில். சர்வேயர் ஞானவேல்கிட்ட இருக்கீங்க."

என்னை விசாரித்திருக்கிறார். நீங்க என்கிறார். இந்த ஊரில் என் அப்பாவையே யாரும் நீங்க என்பதில்லை. இது ஒரு வித்தை.

"அந்த முள்ளுக்குள்ள ஸ்டாஃப் அளவுக்கட்டை பிடிச்சா பத்தடிக்கு மேல தெரியாது. எப்படி மட்டம் எடுத்தீங்க?" என்றேன்.

"பத்தடி பத்தடியாத்தான். குனிஞ்சு, பல இடத்துல தவழ்ந்து. ரெண்டு கோடை ஆச்சு."

"குறுக்கால லைன் வெட்டியிருந்தா ரெண்டு நாள் வேலை."

"ஆமா." டீயை ஊதினார். "வெட்டியிருந்தா அது இன்னிக்கு மாட்டுப் பாதை. நாளைக்கு வண்டிப் பாதை. நான் போனப்புறம் அதை யாரு மூடுவா?"

லைன் என்பது ஒன்றுமில்லை. கருவியில் பார்த்தால் எதிர்முனை தெரிவதற்காக நேர்கோட்டில் செடியை வெட்டி ஒதுக்குவது. எந்த சர்வேயரும் யோசிக்காமல் செய்வது. இவர் மட்டும் செய்யவில்லையாம், தவழ்ந்தாராம். தவழ்ந்து எடுத்த மட்டத்தில் எவ்வளவு பிழை சேரும் என்று எனக்குத் தெரியும். மேட்டின் முதுகைத் தனக்கு வேண்டிய இடத்தில் எழுதியிருக்கிறார். அவ்வளவுதான். நான் அளந்து காட்டுவேன்.

என் டீக்கும் அவரே கொடுத்துவிட்டார். தடுப்பதற்குள் எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 29

தாண்டவராயன் வழிமறித்தார். "தம்பி, அந்தம்மா கணக்கத் தப்புன்னு காட்டுவியாமே?" யாரிடமும் சொல்லவில்லை. ஞானவேல் சாரிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டம் பார்க்கும் மிஷின் இரவல் கேட்டேன், அவ்வளவுதான்.

"காட்டு. உங்க ஜனத்துக்கு மனை கெடைச்சா எனக்கும் சந்தோசம்தான்" என்று பாக்கெட்டில் கைவிட்டார். வேண்டாம் சார் என்றேன். சார் என்றதில் முகம் கொஞ்சம் சுருங்கியது. அப்பா அவரை ஐயா என்பார்.

"சரி, காசு வேணாம். லைன் வெட்ட ஆள் அனுப்பறேன், நாலு பேரு."

ஆளுக்கு ஒத்துக்கொண்டேன். திருடனின் ஆளை வைத்தே அவன் கூட்டாளியைப் பிடிப்பதில் தப்பில்லை.

ஆகஸ்ட் 31

சனி. லைன் வெட்டினோம். காலனிப் பக்கத்துப் பனையடியில் தொடங்கி மேட்டைக் குறுக்காகத் தாண்டி ஏரிக்கரை வரை. கொடுவாள் பட்டதும் காரைச் செடி வில்போல வளைந்து முகத்தில் அடிக்கிறது. கையெல்லாம் கீறல். முயல் ஒன்று என் காலுக்கிடையில் ஓடியது. கவுதாரி முட்டை ஐந்தாறு, மிதித்த பிறகுதான் பார்த்தேன்.

மூன்றடி அகலம் போதும் என்றேன். தாண்டவராயன் ஆட்கள் நாலைந்து அடி அகலத்துக்கு வெட்டினார்கள். வேரோடும் பிடுங்கினார்கள். நல்ல உழைப்பாளிகள்.

செப்டம்பர் 1

மட்டம் எடுத்தேன். மேட்டின் முதுகு அவர் குறித்த அதே பாறையில்தான் இருக்கிறது. உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். சரிவும் அவர் எழுதியபடிதான்.

செப்டம்பர் 2

இவ்வளவு சரியாக வந்ததே சந்தேகமாக இருக்கிறது.

செப்டம்பர் 8

காலையில் ஏரிப் பக்கம் போனேன். லைனின் வாயில் திலகராணி நின்றுகொண்டிருந்தார். ஸ்கூட்டரைக்கூட ஸ்டாண்ட் போடாமல் கரைமேல் சாய்த்திருந்தார். ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனையில் எங்கள் தெருப் பனை தெரிகிறது.

"யாரு வெட்டினது?" என்றார்.

"தெரியல மேடம்."

என் கைக் கீறல்களைப் பார்த்தார். லைனுக்குள் நடந்து போனார். அங்கங்கே குனிந்து வெட்டிய தூரைத் தொட்டுப் பார்த்தார். பனையடியில் எங்கள் தெருப் பெண்கள் அவரைப் பார்த்திருப்பார்கள்.

செப்டம்பர் 14

லைனில் ஆட்டுப் புழுக்கை. நடுவில் டிராக்டர் டயர் தடம். யார் ஓட்டியது என்று தெரியவில்லை.

அண்ணன் பையனுக்குக் காய்ச்சல். நான் வாசலில் படுத்தேன்.

செப்டம்பர் 20

பொக்லைன் வந்துவிட்டது. பின்னால் மூன்று டிப்பர். பனையடியில் உள்ளே நுழைந்து மேட்டின் முதுகுவரை போனார்கள். தாண்டவராயனுக்குக் கிராவல் எடுக்க அனுமதியாம். செம்மண் ஏற்றிக்கொண்டு லாரிகள் எங்கள் தெரு வழியாகப் போகின்றன. சோற்றில் மண்.

"மொதல்ல மேட்டத் தட்டணும்ல தம்பி. தட்டினாத்தான மனை" என்றார்.

செப்டம்பர் 21

அம்மா இன்று யாரிடமும் பேசவில்லை. மாலையில் திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இனிமே நாங்க எங்கடா போறது?"

முதலில் புரியவில்லை.

"விடியல்ல அஞ்சாறு பொம்பளைங்க ஒக்காந்திருக்கோம். லாரி லைட்டு மூஞ்சியில அடிக்குது. எழுந்து நிக்கறோம். அவன் போறான். மறுபடி ஒக்காந்தா இன்னொருத்தன் வரான். ஆரன் வேற அடிக்கறான், சிரிச்சுக்கினு."

அரசாங்கம் கட்டிய கழிப்பறை எங்கள் தெருவில் இருக்கிறது. தண்ணீர் கிடையாது. அதில் விறகு அடுக்கியிருக்கிறோம். பெண்களுக்குக் காரைமேடுதான். இருபத்து நான்கு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். மேட்டைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறேன். இது ஒரு தடவைகூட என் வாயில் வந்ததில்லை.

"அந்தப் பாதைய வெட்டினவன் கையில கட்டி வர" என்றாள் அம்மா.

செப்டம்பர் 23

தெருக்கூட்டம். யார் பாதை வெட்டியது என்று கேள்வி. அந்த இன்ஜினியரம்மாதான் என்று ஒருவர் சொன்னார். பாதையில் நடந்து நடந்து அளந்ததைப் பெண்கள் பார்த்தார்களாம். காட்டைக் காப்பாத்தற மாதிரி பேசி உள்ளுக்குள்ள வித்துட்டா என்றார் இன்னொருவர். நாளைக்கே மறியல், அந்தம்மா வண்டியை மடக்கணும் என்றார்கள்.

"பரிதி, நீதான் படிச்சவன். நீ இன்னா சொல்ற?" என்று அப்பா கேட்டார்.

அவரைச் சந்தேகப்பட வேறு காரணங்கள் இருக்கின்றன என்று சொன்னேன். சவுக்குத் தோப்பில் மனை போட்டதைச் சொன்னேன். அது உண்மைதானே.

செப்டம்பர் 24

மறியலில் அவர் ஸ்கூட்டர் கண்ணாடி உடைந்தது. நான் பின்னால் நின்றிருந்தேன்.

அக்டோபர் 2

மறுபடி கிராம சபை. திலகராணி வரவில்லை. மாற்றல் வந்துவிட்டதாம், மாதக் கடைசியில் கிளம்புகிறார் என்றார்கள்.

மனை எப்போது என்று அப்பா கேட்டார். "தட்டி முடியட்டும்ப்பா" என்றார் தாண்டவராயன். பிறகு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். என் அப்பாவைத் தொட்டுப் பேசுகிறார். வீட்டுக்கு வரும்வரை அப்பா அந்தத் தோளை ஆட்டாமலே நடந்தார்.

அக்டோபர் 6

திலகராணி வீட்டுக்கே வந்தார். உட்கார இடமில்லை. அம்மா அண்டா மூடியைத் துடைத்துப் போட்டாள், அதன்மேல் உட்கார்ந்தார். அம்மா முகம் கொடுக்கவில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்தாள், வாங்கிக் குடித்தார். குடிக்கிறாரா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் அது தெரிந்தது.

வெளியே வந்து பேசினோம்.

"கிராவல் அனுமதியில ஒரு நிபந்தனை இருக்கு. மேட்டுக்குள்ள போக ஏற்கெனவே பாதை இருக்கணும், புதுசா வெட்டக் கூடாது. இல்லாத பாதைக்காக அவரு மூணு வருசமா காத்திருந்தாரு. இப்ப இருக்குன்னு காட்டிட்டாரு. நான் ஆட்சேபணை போட்டிருக்கேன். இருபத்திரண்டாம் தேதி ஆர்டிஓ ஆபீசுல விசாரணை."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"பாதை பழசில்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா எதிர்த்தரப்பு நான், என் பேச்சு எடுபடாது. வெட்டினவங்க சொன்னா எடுபடும்."

"நான் வெட்டினேன்னு யாரு சொன்னது?"

"ஸ்டாஃப் வைக்க ஒரு சர்வேயர் எங்கெங்க முளை அடிப்பாரோ, அங்கங்க முளை இருக்கு பரிதி."

"புறம்போக்குல செடி வெட்டினேன்னு என் மேலதான் கேஸ் வரும்."

"வரலாம்" என்றார். வராது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

என்னைச் சிக்க வைத்துவிட்டு இவர் கரூருக்குப் போய்விடுவார். நன்றாகத் திட்டம் போட்டிருக்கிறார்.

அக்டோபர் 9

வேலை: ஒரு கல்யாண மண்டபத்துக்கு எல்லை அளந்தோம். ஞானவேல் சார் சொன்னார், "விசாரணைக்கு கிசாரணைக்கு போயிடாத. தாண்டவராயன் நமக்குக் கஸ்டமர்." விசாரணை பற்றி நான் வாய் திறக்கவே இல்லை.

அக்டோபர் 13

அப்பா சாட்சி சொல்லப் போகிறார். பாதை ரொம்ப காலமாக இருக்கிறது என்று சொன்னால் முதல் பட்டா எங்களுக்காம்.

"அது பொய்யிப்பா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? மேட்டப் பார்த்துக்கினேதான வளந்தேன்." பீடியை அணைத்தார். "உண்மைய பேசிப் பேசித்தான் அண்டா பக்கத்துல படுத்துக்கினு இருக்கற. பொய்ய ஒருக்கா சொல்லிப் பார்க்கறேன்."



அக்டோபர் 16

மழை. மதியத்துக்குள் தெரு சிவப்பாகிவிட்டது. வெட்டிய பாதை வாய்க்கால் மாதிரி மண்ணைக் கொண்டுவந்து எங்கள் தெருவில் கொட்டுகிறது. கால்வாசி இந்தப் பக்கம் என்றுதான் அவர் எழுதியிருந்தார். நானும் அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது. கணுக்கால் அளவு சேறு வீட்டுக்குள். அண்டாவைக் கட்டில்மேல் ஏற்றினோம். குழந்தைகளை அண்டாவுக்குள் உட்கார வைத்தோம். சிரித்தன.

இது கால்வாசி. முக்கால்வாசி ஏரிக்குப் போயிருக்கும்.

அக்டோபர் 18

மழை விட்டது. சவுக்குத் தோப்புக்குப் போனேன். சுண்ணாம்பு கரைந்துவிட்டது, முளைகள் இருக்கின்றன. டேப் பிடித்து அளந்தேன். ஒவ்வொரு மனையும் மூன்று சென்ட். விற்கிறவன் எவனும் மூன்று சென்ட்டில் மனை போடமாட்டான். மூன்று சென்ட் என்பது அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் அளவு. முதல் வருடப் பையனுக்குக்கூடத் தெரியும். தெருவுக்கு விட்ட அகலத்தில் தண்ணீர் லாரி திரும்பலாம். முளைகளை எண்ணினேன். எங்கள் தெருவில் எத்தனை குடும்பமோ அத்தனை மனை.

முன் வரிசை நாற்காலியில் தாண்டவராயன் உட்கார்ந்திருக்கும்போது இந்த இடத்தை அவர் எப்படி வாய் திறந்து சொல்வார்?

கண்ணாலேயே அளப்பேன் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

அக்டோபர் 22

விசாரணை. அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"பாதை எப்போதிலிருந்து இருக்கு?" என்று ஆர்டிஓ கேட்டார்.

"ரொம்ப நாளா இருக்குதுங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து" என்றார் அப்பா. நன்றாகத்தான் சொன்னார். கை மட்டும் வேட்டி முனையைப் பிசைந்தது.

நான் எழுந்தேன். "ஆகஸ்ட் முப்பத்தொண்ணு, சனிக்கிழமை. நான்தான் வெட்டினேன் சார். தாண்டவராயன் சார் ஆள் கொடுத்தாரு."

"எதுக்கு வெட்டினீங்க?"

"மேடம் எடுத்த லெவல் பொய்யின்னு காட்ட."

"பொய்யா?"

"இல்ல சார். ரெண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம்."

யாரோ சிரித்தார்கள். தாண்டவராயன் சிரிக்கவில்லை. "இன்னா தம்பி, யாரு சொல்லிக் குடுத்தா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவரைப் பொய்யராக்கியது. தெரிந்தேதான் சொன்னேன். எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள்.

வெளியே படிக்கட்டில் திலகராணி நின்றார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். சொன்னால் அதையும் சந்தேகப்பட்டிருப்பேன்.

"அந்த ரெண்டு சென்டிமீட்டர் எங்க விட்டுச்சுன்னு பார்த்தீங்களா?" என்றார்.

"உங்க பக்கமா இருக்கும்."

"இருக்கலாம்" என்றார். புதுக் கண்ணாடி போட்டிருந்த ஸ்கூட்டரில் போனார்.

அக்டோபர் 25

அனுமதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ரத்து இல்லை, நிறுத்தி வைப்பு. பொக்லைன் போய்விட்டது. ஞானவேல் சார் இனி வர வேண்டாம் என்றார். தெருவில் யாரும் என்னிடம் பேசுவதில்லை, மனையைக் கெடுத்தவன். அப்பா தனியாகச் சாப்பிடுகிறார். என்மேல் கேஸ் இன்னும் வரவில்லை. வரும்.

சவுக்குத் தோப்பை அளந்து எங்கள் தெருவுக்கு மனை கேட்டுப் புது மனு எழுதியிருக்கிறேன். அப்பாவிடம் கொடுத்தேன். வாங்கவில்லை. கட்டில்மேல் வைத்துவிட்டு வந்தேன். மாலையில் பார்த்தேன், காணோம்.

நவம்பர் 3

திலகராணி நேற்றுக் கிளம்பிவிட்டார். யாரும் வழியனுப்பவில்லை. நானும் போகவில்லை.

காலையில் அம்மா கொடுவாளை எடுத்துக்கொண்டு "வா" என்றாள். அன்று கட்டி வரட்டும் என்று சபித்தது யார் கையை என்று இப்போது அவளுக்குத் தெரியும். வேலிகாத்தான் முள்ளை வெட்டிக் கட்டுக்கட்டாக இழுத்துவந்து பனையடியில் லைனின் வாயை அடைத்தோம். அவள் அடுக்கினாள், நான் மிதித்தேன். தெருப் பெண்கள் நான்கைந்து பேர் தாங்களாக வந்தார்கள். என்னிடம் பேசவில்லை, முள்ளை மட்டும் நீட்டினார்கள்.

வேரோடு பிடுங்காத இடத்தில் காரைத் தூர்கள் முளைவிட்டிருக்கின்றன. விரல் நீளத் துளிர், அதற்குள் முள்.

"ரெண்டு மழை போதும், மூடிக்கும்" என்றாள் அம்மா.

நான் நம்பவில்லை. முள் கொஞ்சம் விலகியிருப்பதுபோல மாலையில் தெரிந்தது. ஆடா, ஆளா தெரியவில்லை. நாளைக் காலையும் போய்ப் பார்க்க வேண்டும்.